சிற்றலை கேட்டவர்களுக்காக ஓர் இசைத்தட்டு

ஆர்கெஸ்ட்ரல் மெனுவர்ஸ் இன் த டார்க் என்ற நீண்ட பெயரை ஓ.எம்.டி. என்று சுருக்கிக்கொண்ட ஆங்கிலேய இசைக்குழு, 1983ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘டேஸில் ஷிப்ஸ்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வீழ்ச்சியிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். 1981இல் வந்த ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி’ பல லட்சம் பிரதிகள் விற்று, அதன் மூன்று பாடல்கள் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருந்தன. அடுத்து வந்த இந்தத் தொகுப்போ ஐந்தாம் இடம் வரை ஏறிவிட்டு விரைவிலேயே இறங்கிப்போனது. இதிலிருந்து தனித்தட்டாக வந்த ‘ஜெனிடிக் எஞ்சினியரிங்’ 20ஆம் இடத்தோடும் ‘டெலிகிராஃப்’ 42ஆம் இடத்தோடும் நின்றுவிட்டன. பாடல்களுக்கு நடுவே வானொலி நிலைய அறிவிப்பும், பேசும் கடிகாரமும், கப்பல் சங்கும், பேசும் பொம்மையின் குரலும் வந்ததால் கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள் என்பதே வழக்கமான விளக்கம்.

அந்த விளக்கம் இங்கிலாந்துக்குப் பொருந்தலாம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் சிற்றலை வானொலியின் இரைச்சலோடு வளர்ந்த எனக்கு, இந்தத் தொகுப்பில் குழம்புவதற்கு எதுவுமே இருப்பதாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடங்கள் ஓடும் இதன் பன்னிரண்டு பகுதிகளையும் வரிசை மாற்றாமல் கேட்டால், இரவு ஒன்பது மணிக்கு மேல் வானொலியின் குமிழைத் திருகிக்கொண்டே போகிற ஒருவருக்கு என்னென்ன காதில் விழுமோ அவையெல்லாம், கிட்டத்தட்ட அதே வரிசையில் விழுகின்றன: ஒரு நிலையத்தின் அடையாள இசை, ஒரு பாட்டு, இரைச்சல், ஓர் அறிவிப்பாளரின் பெயர், எங்கோ நடந்த கொடுமையைச் சொல்லும் செய்தி, மறுபடியும் ஒரு பாட்டு. விமர்சகர்கள் இதைப் பரிசோதனை முயற்சி என்று வகைப்படுத்தினார்கள். எங்கள் வீட்டில் இது அன்றாட வழக்கமாக இருந்தது.

தொகுப்பு என் கைக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றில் வேலை பார்த்த என் தாய்மாமா, ஊர் திரும்பியபோது டேப் ரெக்கார்டரும் வானொலியும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியோடு ஒரு கட்டு ஒலிநாடாக்களையும் கொண்டுவந்திருந்தார். இளையராஜா நாடாக்கள் தேய்ந்து அறுந்துபோகும்வரை ஓடின. ஆங்கில நாடாக்கள் தூசி படிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றான இந்தத் தொகுப்பில் ‘டெலிகிராஃப்’ ஒன்றை மட்டும் அந்தக் காலத்தில் சில முறை கேட்டிருக்கிறேன். சென்ற ஐப்பசி மழைக்கு முன் பரணை ஒழித்தபோது நாடா அகப்பட்டது. உள்ளே பூஞ்சை பிடித்திருந்ததால் அதை ஓட்டிப் பார்க்கத் துணியாமல், இணையத்தில் தேடி முழுத் தொகுப்பையும் முதன்முறையாக ஒரே மூச்சில் கேட்டேன். மாமாவிடம் போட்டுக் காட்டியபோது, “என்ன மாப்ளே, பாட்டு வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேஷனை மாத்திட்டியா?” என்று கேட்டார். நான் வாசித்த எந்த விமர்சனத்தையும்விட இந்தக் கேள்வியே தொகுப்பின் இயல்பைச் சரியாகப் பிடித்திருப்பதாக நினைக்கிறேன்.

டெல்டாவில் வானொலி நன்றாக எடுத்ததற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. மத்திய அலை நிலத்தையொட்டிப் பரவும்போது, வறண்ட பாறை நிலத்தைவிட ஈரமான வண்டல் மண்ணிலும், அதைவிட உப்பு நீரிலும் குறைவான இழப்போடு செல்கிறது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் வயல்வெளி முழுவதும் தெளிவாகக் கேட்டதற்கும், பாக் நீரிணையைத் தாண்டி இலங்கை வானொலி வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் உள்ளூர் நிலையம்போல ஒலித்ததற்கும் இதில் பங்கு உண்டு. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு கரைந்துவிடுவதால், பகலில் அங்கே விழுங்கப்பட்ட அலைகள் மேலடுக்குவரை சென்று பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். அந்த நேரத்தில் லண்டனின் பிபிசி தமிழோசை, மணிலாவின் வேரித்தாஸ், பெய்ஜிங், மாஸ்கோ என்று பனிப்போர்க் கால உலகின் இரண்டு முகாம்களும் அடுத்தடுத்த அலைவரிசைகளில் தமிழிலேயே பேசின. கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வலுவாக இருந்த ஊர்களில் மாஸ்கோவுக்கென்றே காதுகள் இருந்தன. அங்கே அச்சான வழவழப்பான பத்திரிகைத் தாள்களோ எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டையாயின.

தொகுப்பின் முதல் பகுதியான ‘ரேடியோ பிராக்’ பாடலே அல்ல. செக்கோஸ்லோவாக்கியத் தலைநகரிலிருந்து வெளிநாட்டவருக்காக ஒலிபரப்பான நிலையத்தின் அடையாள இசையையும் அறிவிப்பையும் எடுத்து அப்படியே முகப்பில் வைத்துவிட்டார்கள். அடையாள இசை என்பது நிகழ்ச்சி தொடங்கும் முன், தேடுகிறவர் குமிழைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒன்று. கேட்பவர்களில் யாரும் அதை இசை என்று எண்ணுவதில்லை என்றாலும், எந்தப் பாடலையும்விட ஆழமாக அதுவே நினைவில் தங்குகிறது. வயலினும் தம்புராவும் சேர்ந்து சிவரஞ்சனியின் சாயலில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் அதிகாலை இசை ஒன்றே இதற்குப் போதுமான சான்று. அதை உருவாக்கியவர் வால்டர் காஃப்மன் என்பது பரவலான கருத்து. பொஹீமியாவில் 1907இல் பிறந்து, பிராக் நகரில் இசையியல் படித்து, 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூதர் அவர். ஓ.எம்.டி.யின் ஆண்டி மெக்லஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும் பிராக் நிலையத்தின் ஒலியைத் தட்டில் பதித்ததற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, பிராகில் படித்த ஒருவரின் மெட்டு எங்கள் தெருவின் விடியற்காலையில் கலந்துவிட்டிருந்தது. இந்தத் தற்செயலுக்குப் பெரிய பொருள் எதையும் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் முதல் பகுதியை வேறுபாடின்றி என்னால் ஏற்க முடிந்ததற்கு, அடையாள இசை என்ற வடிவம் எனக்குள் முன்பே குடியிருந்தது காரணம்.

தட்டின் முதல் பக்கத்தின் முடிவில் வரும் ‘திஸ் இஸ் ஹெலினா’, ‘இன்டர்நேஷனல்’ ஆகிய இரண்டையும் பிரிக்காமல் கேட்க வேண்டும். முன்னதில் ஓர் அறிவிப்பாளர் தம் பெயரைச் சொல்லிக்கொள்கிறார். அதைச் சுற்றித் துண்டு துண்டாக இசை ஓடுகிறது. “செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி” என்று டெல்லியிலிருந்து வரும் குரலைக் கேட்டு வேலைகளின் நேரத்தைக் கணக்கிட்ட தலைமுறைக்கு, முகம் தெரியாத ஒரு பெயர் வீட்டு மனுஷியாகிவிடுவது புதிதல்ல. அடுத்ததாக வரும் ‘இன்டர்நேஷனல்’ ஒரு செய்தியோடு தொடங்குகிறது: நிகராகுவா நாட்டுச் சிறுமி ஒருத்தியின் இரு கைகளும் மணிக்கட்டோடு வெட்டப்பட்டதை, ஏற்ற இறக்கம் இல்லாத செய்திக் குரல் சொல்லி முடிக்கிறது. அதன் பின்னரே மெல்ல நகரும் பாடல் எழுகிறது. பாடகரின் குரல் உடைந்துபோகும் அளவுக்கு உயர்ந்தாலும் செய்தியின் சமநிலை அதைவிட அதிகமாக வதைக்கிறது. போரையும் பஞ்சத்தையும் பருத்தி விலையையும் ஒரே தொனியில் வாசித்து முடிக்கும் வானொலியின் அந்த நிதானத்தை, பாடலின் உணர்ச்சிக்கு எதிரே நிறுத்தியதுதான் இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த முடிவு என்று கருதுகிறேன்.

‘டெலிகிராஃப்’ துள்ளலான பாட்டு. தந்தி என்றாலே வாசலில் அழுகுரல் கேட்ட ஊரில், அந்தத் துள்ளலுக்குப் பழக எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தொகுப்பின் பெயருக்குப் பின்னால் ஓர் ஓவியம் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, கடல் ஓவியரான நார்மன் வில்கின்சன் 1917இல் ஒரு யோசனை சொன்னார். கப்பலை மறைக்க முடியாது. ஆகவே கருப்பும் வெள்ளையும் நீலமுமாக, ஒன்றையொன்று வெட்டும் பட்டைகளை அதன்மேல் தீட்டிவிட்டால், அது எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்பதைப் பெரிஸ்கோப் வழியே பார்ப்பவர் கணிக்க முடியாமல் தடுமாறுவார் என்பதே அவருடைய எண்ணம். அப்படி வர்ணம் தீட்டும் பணியை மேற்பார்வையிட்டவர்களில் ஒருவரான எட்வர்ட் வாட்ஸ்வொர்த், லிவர்பூல் உலர்துறையில் நின்ற கப்பலொன்றை 1919இல் ஓவியமாக வரைந்தார். அந்த ஓவியத்தைச் சுட்டிக்காட்டிப் பெயரையும் முன்வைத்தவர் உறை வடிவமைப்பாளரான பீட்டர் சாவில். முதல் பதிப்பின் உறை, அங்கங்கே துளைகள் வெட்டி, உள்தாளின் நிறம் தெரியும்படி செய்யப்பட்டிருந்தது. நம்மவர்களுக்குக் கடற்போர் மாறுவேடம் என்றவுடன் நினைவுக்கு வர வேண்டியது ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அந்தக் கப்பல், மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவது ஒன்றைப் பொருத்திக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போலத் திரிந்தது. இரண்டு தந்திரங்களில் எம்டனுடையது எளிமையானது, வில்கின்சனுடையது அழகானது.

இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கும் தலைப்புப் பகுதியில் பாடலே கிடையாது. நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியும், சங்குகளும், இயந்திர முழக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. புயல் கூண்டு ஏற்றப்பட்ட நாளில் நாகைத் துறைமுகத்தின் பக்கம் நின்றிருப்பவர்களுக்கு இதில் பெரிய புதிர் இல்லை. அதன் இருளிலிருந்து ‘த ரொமான்ஸ் ஆஃப் த டெலஸ்கோப்’ எழும்போது, தொலைவு என்பதைத் தவிர இந்தத் தொகுப்புக்கு வேறு பொருளே இல்லை என்பது தெளிவாகிவிடுகிறது. தந்தி, தொலைநோக்கி, வானொலி அலை, நேர மண்டலங்கள் என்று அடுத்தடுத்த தலைப்புகள் எல்லாம், ஒரு குரல் எவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேர்கிறது, வழியில் அது எவ்வளவு தேய்கிறது என்ற ஒரே வினாவைத்தான் சுற்றி வருகின்றன. மெலிந்து, மங்கி, மறுபடி வலுக்கும் சிற்றலைக் குரலைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டவர்களுக்கு அந்த வினாவில் எந்தத் தத்துவப் பூச்சும் தெரியாது.

குறைகளும் இருக்கின்றன. ‘ஏபிசி ஆட்டோ-இண்டஸ்ட்ரி’ ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு வளராமல் நின்றுவிடுகிறது. ‘ஜெனிடிக் எஞ்சினியரிங்’ பாடலில் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மையின் குரல் அன்று தந்திருக்கக்கூடிய வியப்பு இன்று மிஞ்சவில்லை. அதன் தட்டச்சு ஓசைகளும் கொஞ்சம் பழையதாகிவிட்டன. இவற்றைவிட முக்கியமானது, போதுமான புதுப் பாடல்கள் அவர்களிடம் இல்லை என்பது. ‘ரேடியோ வேவ்ஸ்’ அவர்கள் முன்பு நடத்திய தி ஐடி என்ற குழுவின் காலத்துப் பாட்டு. ‘த ரொமான்ஸ் ஆஃப் த டெலஸ்கோப்’, கடைசியாக வரும் ‘ஆஃப் ஆல் த திங்ஸ் வீ’வ் மேட்’ ஆகிய இரண்டும் அதற்கு முன்பே தனித்தட்டுகளின் மறுபக்கத்தில் வெளியானவை. ஒலித்துணுக்குகள் துணிச்சலால் மட்டும் வரவில்லை, பற்றாக்குறையாலும் வந்திருக்கின்றன என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. வானொலியையே பொருளாக்கிய, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ரேடியோ-ஆக்டிவிட்டி’ முன்மாதிரியாக இருந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆனால் கிராஃப்ட்வெர்க் வானொலியை இயந்திரமாகப் பார்த்தது. இவர்கள் கேட்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பல நாடுகளின் பேசும் கடிகாரங்களை ஒன்றோடொன்று கலந்து, இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ‘டைம் ஸோன்ஸ்’ பகுதியைப் பலர் வெறும் நிரப்பு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு மொழியும் தன் நேரமே நேரம் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருக்க, எல்லாம் சேர்ந்து எந்த நேரமும் இல்லாமல் போகிற அந்தப் பகுதி, பனிப்போர்க் கால வானொலியைப் பற்றி எந்தக் கட்டுரையும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

விற்பனைச் சரிவுக்குப் பிறகு குழு பத்திரமான பாதைக்குத் திரும்பியது. 1984இல் ‘ஜங்க் கல்ச்சர்’ வந்தது. 1986இல் ‘இஃப் யூ லீவ்’ அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. நல்ல பாட்டுதான், எந்த ஊர் வானொலியிலும் போடக்கூடிய பாட்டு. ‘டேஸில் ஷிப்ஸ்’ மீது கவனம் மீண்டும் திரும்பியது 2008ஆம் ஆண்டு மறுபதிப்பு வந்த காலத்தில்தான். அதற்குள் பிற பதிவுகளின் ஒலிகளைத் துண்டாக்கி இசையில் ஒட்டுவது உலகம் முழுவதும் சாதாரண வழக்கமாகியிருந்தது. 2013இல் அவர்கள் வெளியிட்ட ‘இங்கிலிஷ் எலக்ட்ரிக்’ தொகுப்பில், ‘ப்ளீஸ் ரிமெய்ன் சீட்டட்’, ‘டெசிமல்’ என்று அறிவிப்புக் குரல்களால் ஆன சிறு பகுதிகள் மறுபடியும் பாடல்களுக்கு நடுவே இடம்பெற்றன. இளம் வயதில் விட்ட வேலையை முப்பது ஆண்டு கழித்துத் தொடர்ந்ததில் திறமை கூடியிருக்கிறது; இரைச்சல் குறைந்துவிட்டது. அந்த இரைச்சல் வேண்டும் என்பவர்கள் 1983க்குத்தான் போக வேண்டும். போகிறவர்கள் தயவுசெய்து பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்காதீர்கள்.