முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும்

ரொறன்ரோவின் தொடர்மாடிக் கட்டடங்களில் தண்ணீர்ச் சுற்றோடு இணைந்த ஹீட் பம்ப்களைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் தொழில். "ஹீட் பம்ப் வேலை செய்யவில்லை" என்று எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் இயந்திரத்தின் மேல் குற்றம் இருப்பதில்லை. குற்றம் அதற்குள் ஓடும் தண்ணீரில் இருக்கும். அல்லது ஓட வேண்டிய அளவுக்கு ஓடாத தண்ணீரில் இருக்கும். ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு 313ஏ என்னும் சான்றிதழ் வேண்டும்; அதற்கு 9,000 மணிநேரத் தொழிற்பயிற்சி. அந்தப் பயிற்சியில் நாங்கள் கற்றதில் பெரும்பங்கு குளிர்பதன வாயுவையும் மின்சாரத்தையும் சுற்றியே இருந்தது. தண்ணீரை வேலைத்தலத்தில்தான் கற்க வேண்டியிருந்தது.

இந்த அமைப்பை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சுவருக்குள் அலமாரி போன்ற ஒரு பெட்டி நிற்கும். அதற்குள் ஒரு கொம்பிரசர், ஒரு விசிறி, காற்றுக்கான சுருள், வாயுவின் திசையைத் திருப்பும் வால்வு, குழாய்க்குள் குழாயாக அமைந்த ஒரு வெப்பமாற்றி ஆகியவை இருக்கும். அடித்தளத்திலிருந்து உச்சிமாடி வரை ஏறும் இரண்டு குழாய்கள் ஒவ்வொரு மாடியிலும் அந்த வெப்பமாற்றியோடு இணைகின்றன. வீட்டைக் குளிராக்கும்போது இயந்திரம் அறையின் வெப்பத்தைத் தண்ணீருக்குள் தள்ளும்; சூடாக்கும்போது தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும். தண்ணீர் பொதுவாக 16 முதல் 32 பாகை செல்சியஸ் வரையான எல்லைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் கொதிகலன் வெப்பம் சேர்க்கும். மேலே ஏறினால் கூரையிலுள்ள குளிர்விப்புக் கோபுரம் வெப்பத்தை வெளியேற்றும்.

இதன் அருமை இந்த நகரத்தின் மே மாதத்தில்தான் தெரியும். பழைய கட்டடங்கள் பலவற்றில் ஒரே குழாய்ச் சோடியில் குளிர்காலத்தில் சுடுநீரும் கோடையில் குளிர்நீரும் ஓடும். ஆண்டுக்கு இரண்டு முறை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்துக்கு முன்னர் திடீரென வெயில் எரித்தால் தெற்குப் பக்கத்து வீடுகள் புழுங்கும். அவசரப்பட்டு மாற்றிவிட்டால் அடுத்த வாரம் வடக்குப் பக்கத்தார் போர்வையோடு இருப்பார்கள். ஹீட் பம்ப் உள்ள கட்டடத்தில் தெற்கு வீடு குளிர்ச்சியையும் வடக்கு வீடு சூட்டையும் ஒரே மணிநேரத்தில் பெறலாம். தெற்கு வீடு தள்ளிய வெப்பமே வடக்கு வீட்டுக்குப் போகும். கொதிகலனும் கோபுரமும் சும்மா இருக்கும்.

ஆனால் தை மாதத்தில் வெளியே கழித்தல் 20 பாகைக்கு இறங்கும்போது எவரும் குளிர்ச்சி கேட்பதில்லை. அப்போது இயந்திரம் தரும் வெப்பத்தை நான்கு பங்காகக் கொண்டால், ஏறத்தாழ ஒரு பங்கு அந்த வீட்டின் மின்சாரத்திலிருந்தும் மூன்று பங்கு சுற்றுநீரிலிருந்தும் வருகிறது. சுற்றுநீரின் வெப்பம் கொதிகலனிலிருந்து வருகிறது. கொதிகலன் இயற்கை எரிவாயுவில் எரிகிறது. ஆகவே இது பசுமைத் தொழில்நுட்பம் என்று விற்பனைத் தாளில் அச்சிடப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பெயர் பொருந்தும். சூரிச் நகர மண்டபத்தை 1938 இலேயே லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கினார்கள். வன்கூவரில் 2010 முதல் ஃபோல்ஸ் கிரீக் பகுதியின் கட்டடங்களுக்குக் கழிவுநீரின் வெப்பம் போகிறது. அத்தகைய மூலம் ஒன்று பின்னால் இல்லாத தொடர்மாடியில் நாங்கள் நடு மாரியில் செய்துகொண்டிருப்பது, எரிவாயுச் சூட்டைச் சற்று நேர்த்தியாகப் பங்கிட்டுக் கொடுப்பதுதான்.

அந்தப் பங்கீட்டில்தான் தொல்லைகள் எல்லாம் தொடங்குகின்றன. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் பங்குக் கிணறு என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுற்றை விளக்குவது எளிது: கிணறு எல்லாருக்கும் உரியது, இறைக்கும் வாளி அவரவருடையது. கொண்டோக்கள், அதாவது வீடு அவரவருக்கும் பொதுப்பகுதிகள் எல்லாருக்கும் உரிய தொடர்மாடிகள், பலவற்றில் சுவருக்குள் நிற்கும் இயந்திரம் வீட்டுக்காரரின் பொறுப்பு. அதற்குள் ஓடும் தண்ணீர் நிர்வாகத்தின் பொறுப்பு. தண்ணீரில் கலந்த துருவால் இயந்திரம் கெட்டால் யார் செலவைத் தாங்குவது என்ற கேள்விக்கு ஆவணங்கள் தெளிவாக விடை சொல்வதில்லை. பழுது பார்க்கப் போனவரிடம் இரு தரப்பாரும் தத்தமக்குச் சாதகமாக ஓர் அறிக்கையை எதிர்பார்ப்பார்கள். அளந்த எண்களை மட்டும் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு என்று பிந்தியாவது விளங்கும்.

புதிய கட்டடத்தில் இந்தச் சுற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை, கண்ணுக்கு எதுவும் தெரியாத வேலை. குழாய்கள் இணைக்கப்பட்டு முடிந்தபின் அவற்றுக்குள் ஒட்டுவேலையின் கசடு, மரையிட ஊற்றிய எண்ணெய், மணல், சீமெந்துத் தூள், சிலவேளை ஒரு துணித் துண்டு, எல்லாம் கிடக்கும். அந்த நிலையில் ஹீட் பம்ப்களை இணைத்துத் தண்ணீரை ஓடவிட்டால் அத்தனையும் வெப்பமாற்றிகளின் குறுகிய இடைவெளிகளில் போய்த் தங்கும். ஆகவே முதலில் ஒவ்வொரு மாடியிலும் குழாயை இயந்திரத்தோடு இணைக்கும் ஹோஸ்களில் தண்ணீர் வரும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ஒன்றோடொன்று கோத்து, இயந்திரங்களைச் சுற்றுக்கு வெளியே வைத்து, கழுவும் மருந்து கலந்த தண்ணீரை வேகமாக ஓடவிட்டு, அதை வடித்து, தெளிந்த நீரால் மீண்டும் அலசி, வடிகட்டிகளைக் கழற்றித் துப்புரவு செய்து, அரிப்புத் தடுப்பு மருந்து சேர்த்து, அதன் பின்னரே இயந்திரங்களை இணைக்க வேண்டும். காகிதத்தில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். குடிபுகும் தேதி நெருங்கும்போது அட்டவணையில் முதலில் சுருங்குவதும் இதுவே. சுவருக்கு வர்ணம் பூசுபவரின் வேலையை ஒரு நாள் குறைத்தால் வாங்குபவர் கண்டுபிடிப்பார். குழாய் கழுவுவதை ஒரு நாள் குறைத்தால் கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் எடுக்கும், அதற்குள் கட்டியவரின் உத்தரவாதமும் முடிந்திருக்கும். குழாயின் அடியிலும் சுற்றின் கடைக்கோடியிலும் உள்ள வீடுகள் முதலில் அகப்படும், ஏனெனில் கனமான கசடு அங்கேதான் சேரும்.

இனிப் பழுது பார்க்கும் முறை. புதிதாக வரும் பயிலுநர்கள் பெட்டியைத் திறந்ததும் வாயு அழுத்தமானியைத்தான் கையில் எடுப்பார்கள். அதை நான் தடுப்பதுண்டு. இந்த இயந்திரங்களில் வாயு தொழிற்சாலையிலேயே துல்லியமாக நிறைத்து மூடப்படுகிறது, அளவும் சிறிது. ஒவ்வொரு முறை அழுத்தமானியை மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் வெளியேறும். ஒவ்வொரு பராமரிப்பு வருகையிலும் அக்கறையோடு சோதித்துச் சோதித்தே வாயுவைக் குறைத்துவிட்ட இயந்திரங்களை நான் கண்டிருக்கிறேன். தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளக்கச் சிறு துளைமுனைகள் இருக்கின்றன. ஒரு தொன், அதாவது 3.5 கிலோவாட் குளிர்ச்சிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 லீற்றர் தண்ணீர் வேண்டும். அந்த அளவு ஓடினால் குளிராக்கும்போது தண்ணீர் 5 அல்லது 6 பாகை சூடேறி வெளியேறும். சூடாக்கும்போது ஏறக்குறைய 4 பாகை குளிர்ந்து வெளியேறும். இரு முனைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாட்டைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு துளி வாயுவும் வெளியேற வேண்டியதில்லை.

அந்த எண்கள் பேசுகின்ற விதம் எனக்கு இன்னும் மகிழ்ச்சி தருகிறது. அழுத்த வேறுபாடு குறைந்து, தண்ணீரின் சூடு 9 அல்லது 10 பாகை ஏறினால் வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது. தண்ணீர் வேண்டிய அளவு ஓடியும் கொம்பிரசர் அதிக மின்சாரம் இழுத்து உயர் அழுத்தத்தில் நின்றுபோனால், வெப்பமாற்றியின் உட்சுவரில் படிவு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்-410ஏ வாயுவில் இயங்கும் இயந்திரங்களில் அழுத்தம் ஏறத்தாழ 600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவை எட்டினால் பாதுகாப்பு ஆளி இயக்கத்தை நிறுத்தும். வீட்டுக்காரர் மின்பெட்டியில் ஆளியை இறக்கி ஏற்றினால் இயந்திரம் மீண்டும் தொடங்கும். அரை மணியில் மீண்டும் நிற்கும். கோடையில் இப்படி ஒரு மாதம் ஓட்டிச் சமாளித்தவர்கள் இறுதியில் கொம்பிரசரையே மாற்ற நேர்ந்திருக்கிறது. மாரியில் தண்ணீர் குறைந்தால் ஆபத்து வேறு: வெப்பமாற்றிக்குள் தண்ணீர் உறைந்து உட்குழாய் வெடித்தால் வாயுச் சுற்றுக்குள் தண்ணீர் புகும். அதன் பின் அந்த இயந்திரத்தில் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

பழைய கட்டடங்களில் இயந்திரத்தைக் கழற்றுவதே ஒரு சோதனை. வீட்டுக்குள் உள்ள அடைப்பு வால்வுகள் பல ஆண்டுகளாகத் திருப்பப்படாமல் இறுகியிருக்கும். அல்லது திரும்பும், ஆனால் தண்ணீரை நிறுத்தாது. அப்போது மாடிதோறும் ஏறும் அந்தக் குழாய் வரிசை முழுவதையும் மூடி, மேலும் கீழும் உள்ள எல்லா வீடுகளுக்கும் அறிவித்தல் ஒட்டி, தண்ணீரை வடிக்க வேண்டும். குழாயை வெளியிலிருந்து உறைய வைத்து, உள்ளே உருவாகும் பனிக்கட்டியையே அடைப்பாகக் கொண்டு வேலை செய்யும் முறையும் உண்டு. அவசரத்துக்கு அது நன்று. வரிசையை வடிப்பதில் அயலவர் கோபத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. சுற்றுக்குள் நெடுநாள் ஓடும் தண்ணீர் தன்னிடமிருந்த ஒட்சிசனை இழந்து அமைதியாகிவிடும். மருந்தும் அதில் இருக்கும். அதை வடித்துவிட்டுக் குழாய்நீரை நிரப்பும் ஒவ்வொரு முறையும் புதிய ஒட்சிசன் உள்ளே போகிறது, மருந்து நீர்த்துப் போகிறது, இரும்புக் குழாய் மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவேதான் ஒரு கட்டடத்துக்கு முதன்முறை போகும்போது இயந்திர அறையில் ஈடுநீர் மானியைத் தேடுவேன். சுற்று எவ்வளவு புதிய தண்ணீரைக் குடிக்கிறது என்பதை மாதந்தோறும் குறித்து வைத்த கட்டடப் பொறுப்பாளர்கள் அரிது. வைத்திருப்பவரைக் கண்டால் அங்கே பாதி வேலை முடிந்தது என்று கொள்வேன். மானியே இல்லாத கட்டடங்களும் பல.

குடியிருப்பவர்களால் வரும் சிக்கல் பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில்தான். எங்கள் ஆட்களின் வீடுகளில் பொரியலும் தாளிப்பும் அதிகம் என்பதால் காற்று வடிகட்டியில் எண்ணெய்ப் பசை ஏறி, தூசு அதில் அப்பி, அட்டையாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சமையலறைக்கு எதிரே பெட்டி இருந்தால் அது போதாது. காற்று போகும் வழியில் சோபாவைத் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. "தம்பி, சத்தம் கேக்குது எண்டுதான் துணியால மூடி வைச்சனான்" என்று ஒரு அம்மா சொன்னபோது, அந்தச் சத்தம் கொம்பிரசரின் அடியிலிருந்த இறப்பர் தேய்ந்ததால் வந்தது என்று விளக்கி அதை மாற்றிக் கொடுத்தேன்.

இன்றைக்கு வேலையின் பெரும்பங்கு மாற்றீடு. முதல் தலைமுறைக் கொண்டோக்களின் இயந்திரங்கள் ஆயுள் முடிந்து நிற்கின்றன. கனடாவில் 2019 முதல் எச்எஃப்சி எனப்படும், புவியைச் சூடாக்கும் குளிர்பதன வாயுக்களின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருவதால், புதிதாக வருபவை ஆர்-454பி போன்ற, இலேசாகத் தீப்பற்றக்கூடிய வாயுக்களைக் கொண்டிருக்கின்றன. புவியைச் சூடாக்கும் திறன் ஆர்-410ஏ வாயுவுக்கு 2088 என்றால் இதற்கு 466, மாற்றம் நியாயமானதே. பழைய அலமாரிக்குள் புதிய இயந்திரம் அளவாகப் பொருந்துகிறதா, ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுகிறார்களா என்பவற்றை வாங்குபவர் கேட்க வேண்டும். பழைய ஹோஸைப் புதிய இயந்திரத்தில் மாட்டிச் சில நூறு டொலர் மிச்சம் பிடித்தவர்களின் கீழ்வீட்டுக் கூரை நனைந்த கதைகள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. சுற்றுநீரின் கடைசிப் பரிசோதனை அறிக்கையை நிர்வாகத்திடம் வாங்கிப் பார்ப்பதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. அதில் இரும்பின் அளவு ஏறியும் மருந்தின் அளவு இறங்கியும் இருந்தால், இயந்திரத்தை வாங்குவதற்கு முன் அந்தத் தாளை நிர்வாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும்படிதான் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புகிறேன்.