38-ம் பல்

மார்ச் 3
ஓபிஜி படத்தை, தாடை முழுதும் தெரியும் எக்ஸ்ரேயை, மறுபடியும் பார்த்தாயிற்று. 38, அதாவது கீழ்த்தாடை இடப்பக்க ஞானப்பல், முன்பக்கமாகச் சாய்ந்து பக்கத்துக் கடைவாய்ப்பல்லான 37-இன் மேல் முட்டி நிற்கிறது. அது கிடக்கட்டும். வேர் நுனிதான் உறுத்துகிறது. கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்குள் ஓடும் குழாயின் மேல்கரை வெள்ளைக்கோடு சரியாக அந்த இடத்தில் அறுந்திருக்கிறது, வேரும் அங்கே கருத்துத் தெரிகிறது. சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் தொடக்கூடாது.

மார்ச் 5
குழாய் வேரின் நாக்குப் பக்கம் ஓடுகிறது. நடுவில் எலும்பே இல்லை. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடலாம் என்றால், சொத்தை பல்லின் உள்சதையான கூழ் வரை இறங்கியிருக்கிறது, சீழ் பிடிக்கும். முழுசாக எடுத்தே ஆகவேண்டும். உதடு மரத்துப்போகலாம், மரப்பு நிரந்தரமாகவும் நிற்கலாம் என்பதை நோயாளியிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது.

மார்ச் 8
மரப்பு ஊசி: 2 சதவீத லிக்னோகெய்ன், 1:80,000 அட்ரினலின். கீழ்த்தாடை நரம்புக்கு ஒன்று, கன்னப் பக்க ஈறுக்குத் தனியாக ஒன்று. உதடு மரத்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகே கத்தி.

பின்பக்கக் கீறலை நேராக இழுக்கவே கூடாது. தாடை எலும்பு அங்கே வெளிப்பக்கம் விரிகிறது. நேராகப் போனால் கத்தி எலும்பை விட்டு நாக்குப் பக்கம் இறங்கும். சிலருக்கு நாக்கு நரம்பு எலும்பின் விளிம்பிலேயே கிடக்கும். கீறலைக் கன்னத்தை நோக்கித் திருப்ப வேண்டும்.

கன்னப் பக்கமும் பின்பக்கமும் எலும்பில் பர் (சுழலும் துளைமுனை) அகலத்துக்குப் பள்ளம். குளிர்விக்கும் சலைன் நீர் நிற்கக்கூடாது: 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் தங்கினால் எலும்பு கெடும். பல் அடைக்கும் ஏர் ரோட்டாரை இதற்கு எடுப்பவர்களை என்ன சொல்ல! அதன் காற்று ஈறுக்கடியில் புகுந்து கன்னம், கழுத்து எல்லாம் உப்பிவிடும், தொட்டால் நறநறக்கும்.

பல்லைப் பிளக்கும்போது பர்ரை முக்கால் ஆழத்தோடு நிறுத்தி, எலிவேட்டர் என்ற நெம்புகோலை நுழைத்துத் திருகினால் மீதி தானே பிளக்கும். அடிவரை அறுத்தால் அடுத்து இருப்பது நாக்குப் பக்க மெல்லிய எலும்புத் தகடு, அதற்கப்பால் நாக்கு நரம்பு. தலை முதலில், பிறகு வேர்கள் ஒவ்வொன்றாக, அது வளைந்த வாக்கிலேயே.

குழியின் அடியில் நரம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அறுபடவில்லை. அங்கே சுரண்டலும் இல்லை, உறிஞ்சுகுழாயும் இல்லை. மெதுவாகக் கழுவி, 3-0 நூலில் தையல்.

மார்ச் 9
ஊசியின் மரப்பு நேற்றே போயிருக்க வேண்டும். கீழுதட்டின் இடப்பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 10
வீக்கம் ஏறுகிறது. ஏறட்டும், 48 முதல் 72 மணிநேரத்துக்குள் உச்சம், பிறகு வடியும். ஐஸின் வேலை முதல் நாளோடு சரி. வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாததால் இபுப்ரோஃபென் 400 மி.கி., கூடவே பாராசிட்டமால், வலிக்காகக் காத்திராமல் வேளைக்கு. வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் தேக்கி, தலையைச் சாய்த்து விழவிட வேண்டும்; வேகமாகக் கொப்பளித்துத் துப்பினால் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். ஸ்ட்ரா வேண்டாம். சிகரெட் வேண்டவே வேண்டாம்.

உதடு அப்படியே.

மார்ச் 12
இறங்கிக்கொண்டிருந்த வலி திரும்பி ஏறுகிறது, காது வரை தெறிக்கிறது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. குழியில் ரத்தக்கட்டி இல்லை, வெறும் எலும்பு. ட்ரை சாக்கெட், உலர்ந்த குழி. ஆன்டிபயாட்டிக் எழுதி என்ன பயன்? கிருமி பெருகியதால் வந்த வலியல்ல இது.

வழக்கமாக யூஜினால் (கிராம்பு எண்ணெயின் சாரம்) தோய்த்த துணியை வைத்தால் சில நிமிடங்களில் அடங்கும். இந்தக் குழியில் வைக்க முடியாது. அடியில் நரம்பு திறந்து கிடக்கிறது, யூஜினால் நரம்புக்கு நஞ்சு. சலைன் கழுவல், மாத்திரை, நாளை மறுபடி கழுவல்.

மார்ச் 13
கழுவியது. இரவு தூங்கினாராம்.

மார்ச் 15
தையல் பிரித்தது. கண்ணை மூடச் சொல்லி உதட்டில் பஞ்சுத் திரி, பிறகு ஊசிமுனை. உணர்ச்சி இல்லாத இடத்தின் எல்லையைப் பேனாவால் உதட்டிலும் தாடையிலும் வரைந்து படம் எடுத்தது. நாக்கு இரு பக்கமும் சரி, சுவையும் தெரிகிறது.

மார்ச் 22
எறும்பு ஊர்கிறதாம்! இதைவிட நல்ல செய்தி வேண்டாம். நரம்பு நசுங்கியிருந்தால் வாரங்களில் திரும்பும். உள்ளிழை அறுந்து உறை மட்டும் மிஞ்சியிருந்தால் மாதங்கள் ஆகும். எதுவுமே தெரியாமல் மூன்று மாதம் போனால் நரம்பைத் தைப்பவரிடம் அனுப்ப வேண்டும், அதற்குமேல் தள்ளிப்போட்டால் பலன் குறையும்.

ஏப்ரல் 5
ஈறு ஏறக்குறைய மூடிவிட்டது. பின்மூலையில் சோறு தங்குகிறது. வளைந்த முனை சிரிஞ்சால் உணவுக்குப் பின் கழுவச் சொன்னது. வாய் மூன்று விரல் திறக்கிறது. பேனாக் கோடு வாயோரத்தில் உள்வாங்கியிருக்கிறது, தாடையில் நகரவில்லை. உதட்டில் இரு முனைச் சோதனை, இரண்டு முனைகள் இரண்டாகவே தெரியும் குறைந்தபட்ச இடைவெளி: வலப்பக்கம் 4 மி.மீ., இடப்பக்கம் 11. அடுத்தது மே 3.