வேடத்துக்குள் இருப்பவர் யார்?

அப்பச்சியின் (அப்பாவின்) சாந்தியை, அதாவது வயது நிறைவு விழாவை, காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டிலேயே நடத்தினோம். சமையலுக்கு ஆள் பேசுவதற்கு முன் ஆத்தா மூன்று வீடுகளில் விசாரித்தார்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டக் கரடி வேடக்காரரை ஏற்பாடு செய்தது மட்டும் நான். ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் பேசி, முன்பணம் அனுப்பி, வருபவரின் ஆதார் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வேனிலிருந்து கரடித் தலையுடனே இறங்கியவரை முகப்பில் யாரும் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். என் நான்கு வயது மகள் அவர் தோளில் ஏறி வளவை (வீட்டின் நடுமுற்றத்தை) சுற்றி வந்தாள். பிறகு வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டில் தலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். வேர்த்து வழிந்த அந்த முகத்துக்கு இருபது வயதுதான் இருக்கும். நகலில் இருந்தவருக்கோ நாற்பதைத் தாண்டியிருந்தது. வழக்கமாக வருபவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இவரை அனுப்பினார்களாம். அந்த இளைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒருவரிடம் என் மகளைக் கொடுத்திருந்தேன் என்பது அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சியகம் போலப் பிள்ளைகளுடன் தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வீட்டு விசேஷத்துக்கு ஒருநாள் வருபவரைப் பற்றி விசாரிப்பது நம் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குழந்தைகளுக்கான கேளிக்கைத் தொழிலும் சட்டப்படி சரிபார்ப்புக்கு உட்பட்டது; அந்த அனுமதி 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இங்கும் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனிநபர் தமக்கே சரிபார்ப்புச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்பதற்கு மேல் ஒரு சான்றால் சொல்ல முடியாது. சான்றுக்கு உரியவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து நின்றால் அதுவும் வெறும் தாள்தான்.

ஆகவே தேவகோட்டையில் ஆச்சியின் (அக்காவின்) மகனுக்குப் பிறந்தநாள் வந்தபோது, வருபவரின் பெயரோடு அவர் அண்மையில் நிகழ்ச்சி நடத்திய இரண்டு வீடுகளின் எண்களையும் கேட்டு வாங்கிப் பேசினேன். வேடம் போடுவதற்கு முன்பே முகப்பில் அடையாள அட்டையைப் பார்ப்போம் என்றும், ஆள் மாறினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். நிகழ்ச்சியை அறைகளில் வைக்காமல், எல்லார் கண்ணிலும் படும்படி வளவிலேயே வைத்தோம். சித்தப்பா முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். இப்படிக் கேட்பது கலைஞரை அவமதிப்பதாகும் என்று ஆச்சிக்குத் தயக்கம் இருந்தது.

வந்த மேஜிக்காரர் அட்டையைக் காட்டியதோடு நிற்காமல், பெட்டியில் இருந்த பட்டுத் துணிகளை விலக்கி, அடியிலிருந்து லேமினேட் செய்த காவல்துறைச் சான்றை எடுத்து நீட்டினார். “வாங்கி ஒரு வருஷமாச்சு ஆச்சி, இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை” என்றார்.