சைடு விங்கிலிருந்து கேமரா பக்கத்துக்கு

சென்னை சபா நாடகங்களில் நடித்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பகலில் ஒரு வேலை இருக்கும். பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர். கிரேஸி மோகன் இன்ஜினியர். நான் வங்கியில் குமாஸ்தா. ஐந்து மணிக்கு லெட்ஜரை மூடிவிட்டு பஸ் பிடித்து வாணி மகாலுக்கோ மயிலாப்பூருக்கோ ஓடி, திரை தூக்கும்போது பஞ்சகச்சம் கட்டிய மாமனாராக நிற்க வேண்டும். வருகிற காசு ஆட்டோவுக்கும் டிபனுக்கும் சரியாகப் போகும். 2000 கடைசியில் வங்கிகளில் வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது வாங்கிக்கொண்டு முழுநேரமாக சீரியலுக்குப் போய்விட்டேன். வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

மேடைக்கும் டிவிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எல்லோரும் கேமராவைச் சொல்வார்கள். நான் ப்ராம்ப்டரை, அதாவது மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கிறவரைச் சொல்வேன்.

மேடையில் ப்ராம்ப்டர் சைடு விங்கில், பக்கவாட்டுத் திரை மறைவில், ஒளிந்திருப்பார். கையில் ஸ்கிரிப்ட், ஒரு டார்ச். அவருக்கு வேலை வந்தால் நடிகனுக்கு அவமானம். அவராலும் முதல் சொல்லை மட்டும்தான் எடுத்துக்கொடுக்க முடியும். மேடை விளிம்பிலும் தலைக்கு மேலும் மைக் இருக்கும், கொஞ்சம் உரக்கச் சொன்னால் அது அவர் குரலையும் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்விடும். அதனால் எதிரில் நிற்கிற நடிகர்தான் உண்மையான ப்ராம்ப்டர். நான் வசனத்தை விட்டுவிட்டுத் திருதிரு என்று முழித்தால் அவர் சட்டென்று, "ஏன் மாமா, பேங்க்ல பணம் கட்டப் போனீங்களே, என்ன ஆச்சு?" என்பார். நாடகத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. ஆனால் அதற்குப் பதில் சொன்னால் விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். இதற்காகவே எல்லோரும் எல்லோருடைய வசனத்தையும் தெரிந்துவைத்திருப்போம். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட அந்தக் கால பாய்ஸ் கம்பெனி வாத்தியார்கள் பையன்களை முழு நாடகத்தையும் உருப்போட வைத்தது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நடுவில் தூர்தர்ஷன் ஒன்று இருந்தது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொடங்கிய நிலையம். சுவாமி சிவானந்தா சாலை ஸ்டுடியோவில் செவ்வாய்க்கிழமை நாடகங்களில் நடித்திருக்கிறேன். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், மேலே பேனலில், கட்டுப்பாட்டு அறையில், உட்கார்ந்து ஷாட்டை மாற்றிக்கொண்டே போவார்கள். ஒத்திகை உண்டு, மனப்பாடம் உண்டு. மேடை நடிகனுக்கு அது இன்னொரு சபா மாதிரிதான், ஆடியன்ஸ் மட்டும் கிடையாது. ஏசி பிரமாதமாக இருக்கும்.

தினசரித் தொடர்கள் வந்த பிறகு கதையே வேறு. வாரத்துக்கு ஐந்து எபிசோடு போக வேண்டும். விளம்பரம் போக இருபது நிமிடத்துக்கு மேல் காட்சி எடுத்தால்தான் ஒரு எபிசோடு நிறையும். வசன பேப்பர் காலையில் வரும், சில நாள் ஷாட் வைத்த பிறகு வரும். இதில் எதை மனப்பாடம் செய்வது? ஆகவே ப்ராம்ப்டர் விங்கிலிருந்து வெளியே வந்து கேமராவுக்குப் பக்கத்தில் உரிமையோடு நின்றுகொண்டார். பெரும்பாலும் ஓர் அசோசியேட் அல்லது உதவி இயக்குநர். "இந்த வீட்டுக்கு மருமகளா வந்த நாள்லேருந்து" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்வார். நாம் அதை உருகிச் சொல்ல வேண்டும். அடுத்த துண்டு வரும். அதையும் உருகிச் சொல்ல வேண்டும். அவர் குரலும் சேர்ந்தே பதிவாகிவிடுவதால் அப்புறம் டப்பிங் தியேட்டரில் எல்லாவற்றையும் மறுபடி பேசுவோம். நமக்குத் தேதி இல்லாவிட்டால் நம் முகத்துக்கு வேறொருவர் குரல் வந்துவிடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று மேடைக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தவன்தான். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் ஒரு தனி வித்தை இருக்கிறது. காது அடுத்த வரியைக் கேட்கும்போது கண் செத்துப்போகும். க்ளோசப்பில் அது அப்படியே தெரியும், ஆள் டெலிபோனில் நம்பர் குறித்துக்கொள்வது போல இருப்பான். அந்த ஒரு விநாடியை மறைக்கத் தெரிந்தவன்தான் சீரியலில் நல்ல நடிகன். என்னோடு பாட்டியாக நடித்த அம்மா ஒருவர் இதில் மகா கெட்டிக்காரர். ஒவ்வொரு துண்டு வசனத்துக்கும் முன்னால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவார், அல்லது ஒரு பெருமூச்சு. பார்க்கிறவர்களுக்கு அது துக்கம். அவருக்கு அது காது கொடுக்கிற நேரம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். போகப் போக அந்தக் கதாபாத்திரத்தின் முத்திரையே அதுதான் என்று ஆகிவிட்டது. பிறகு இயக்குநரே, "சார், கண்ணாடி துடைங்க" என்று கேட்பார்.

எதிரில் ஆளே இல்லாமல் நடிப்பதும் இங்கே கற்றதுதான். மகனாக நடிப்பவருக்கு வேறு கால்ஷீட் இருந்தால் அவர் பகுதியை எடுத்து அனுப்பிவிடுவார்கள். லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உதவி இயக்குநரின் முஷ்டியை 'லுக்' என்று காட்டி, அதைப் பார்த்து மகனைத் திட்டு என்பார்கள். திட்டுவேன். பேட்டா வாங்க வேண்டுமே.

மேடையில் என் முடிவு எனக்குத் தெரியும். மூன்றாவது சீனில் சம்பந்தியிடம் தோற்று, கடைசி சீனில் சமாதானமாகிவிடுவேன். சீரியலில் நான் செத்துப்போனதையே தயாரிப்பு நிர்வாகி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "சார், சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க, கொஞ்சம் பெரிசா." எதற்கு என்று கேட்டேன். "மாலை போடணும் சார்." பாக்கிச் சம்பளம் வரப் பல மாதம் ஆயிற்று. போட்டோ மட்டும் தொடர் முடிகிறவரை நடித்துக்கொண்டிருந்தது, ரீயாக்‌ஷன் ஷாட்கூட வைத்தார்கள்.

இப்போது மறுபடியும் மேடை. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா நடத்தும் கோடை நாடக விழாவை மனதில் வைத்து, ஒவ்வொரு வருஷமும் மார்ச்சிலேயே எங்கள் குழுவில் ஒத்திகை ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை சீரியலிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். வசனம் மறந்துபோகுமோ என்று பயந்தோம். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டுக் கேட்டுக் கேட்டு முழுதும் உருப்போட்டு வந்துவிட்டான், எங்களைவிட சுத்தம். சிக்கல் வேறு இடத்தில். சிரிப்பு வசனத்தைச் சொன்ன கையோடு அடுத்த வரிக்குப் போய்விடுகிறான். ஒரு துண்டு முடிந்தால் அடுத்த துண்டு என்று காது பழகிவிட்டது. நடுவில் ஹாலுக்கும் ஒரு வசனம் உண்டு என்பது அவனுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

"சிரிப்பு ஏறும்போது பேசாதேப்பா. நின்னுடு. முழுசா அடங்கறவரைக்கும் காத்திருந்தா ஆறிப்போயிடும், அதுவும் கூடாது. இறங்க ஆரம்பிக்கும் பாரு, அங்க அடுத்த வரியை எடு."

"சரி அங்கிள். சிரிக்கவே இல்லேன்னா?"

"அப்ப நிக்காம ஓடிடு. எழுதினவர் விங்கில நின்னு தலையில அடிச்சுப்பார், அதைக் கண்டுக்காதே."