உயர்தரப் பௌதிகவியல்: முதலில் அவதானியைத் தேடுங்கள்

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கும் தம்பி தங்கச்சிமார் வெள்ளவத்தைப் பக்கம் என்னிடம் கணக்குக் கேட்டு வருவதுண்டு. சமன்பாடு எல்லாம் மனப்பாடம். "சரி, இதை யார் பார்க்கிறார்?" என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அப்படிப் பார்ப்பவர்தான் அவதானி. இயக்கம் பற்றிய வினா என்றால் அந்தக் கேள்விக்கான பதிலைத் தாளின் ஓரத்தில் முதலில் எழுதிவிடுங்கள். 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா என்றாலும் அதற்கு நேரம் கிடைக்கும்.

லிஃப்ட் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ திணிவுள்ள ஒருவர் உள்ளே தராசில் நிற்கிறார். லிஃப்ட்டின் மேல்நோக்கிய ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) 2, ஈர்ப்பு ஆர்முடுகல் 10. வெளியே தரையில் நிற்பவருக்கு அந்த ஆள் ஆர்முடுகுகிறார். ஆகவே தராசின் மறுதாக்கம் அவருடைய நிறையான 600 நியூட்டனைவிட 120 கூட இருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கோ அவர் அசையவே இல்லை. அதனால் கீழ்நோக்கி 120 நியூட்டன் போலி விசை (உண்மையில் எதுவும் தராத, கணக்குச் சரிவர அவர் போடும் விசை) ஒன்றைச் சேர்த்துச் சமப்படுத்துகிறார். இரண்டு கதை, ஆனால் தராசு இருவருக்கும் 720 தான் காட்டும். போலி விசையையும் போட்டு, ஆர்முடுகலையும் போட்டு 840 எடுப்பவர்கள் ஏராளம். அது உள்ளே இருப்பவரின் விடையுமல்ல, வெளியே இருப்பவரின் விடையுமல்ல.

டொப்ளர் விளைவு, அதாவது ஒலி எழுப்புவதோ கேட்பவரோ அசையும்போது கேட்கும் சுருதி மாறுவது, இன்னும் சுவாரசியமானது. ரயில் 1000 ஹேர்ட்ஸில் ஹோர்ன் அடித்தபடி செக்கனுக்கு 34 மீற்றர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது (நம் கரையோர ரயிலிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்). ஒலியின் கதி 340 என்றால் உங்களுக்குக் கேட்கும் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) ஏறத்தாழ 1111. ரயில் நிற்க, நீங்கள் அதே வேகத்தில் அதை நோக்கிப் போனால் 1100. சார்பு வேகம் ஒன்றுதானே, விடை ஏன் மாறுகிறது? இடையில் காற்று இருக்கிறது. யார் அசைகிறார் என்பதைக் காற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம்.

ஒளிக்கும் அப்படியொரு ஊடகம் இருக்கும் என்று நம்பித்தான் மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் தேடினார்கள், அகப்படவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அந்த ஊடகமே தேவையில்லை என்றார். வெற்றிடத்தில் ஒளியின் கதி, சீரான வேகத்தில் போகும் எல்லா அவதானிக்கும் ஒன்றே. ஆளுக்கு ஆள் மாறுவது நேரமும் நீளமும். அதனால் ஒளியின் டொப்ளர் விளைவில் சார்பு வேகம் மட்டும் போதும், யார் அசைகிறார் என்ற கேள்வியே எழாது.

ஒலிக்கு எழும். அதனால் வினாவில் "காற்று வீசுகிறது" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பேனையைக் கொஞ்சம் நிறுத்தி, ஒலி முதலின் (ஒலி எழுப்பும் பொருளின்) வேகத்தையும் அவதானியின் வேகத்தையும் காற்றுக்குச் சார்பாக மாற்றிவிட்டு, அப்புறம் சமன்பாட்டில் போடுங்கள்.