பாதித் தண்ணீர் இறங்குவதற்கு

மலைக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் உச்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல விஷயம் இருப்பது இறக்கத்தில். கோடையில் தனியாக மலை ஏறி இறங்குகிற நாளில் உண்மையான கஷ்டம் அங்கேதான். ஏறும்போது மூச்சு வாங்குவதால் அதுதான் கஷ்டம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

ஏறுகிறவர் குளிர்ச்சியை நோக்கிப் போகிறார், இறங்குகிறவர் வெக்கையை நோக்கி. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பார்கள். காற்றில் ஈரமில்லாமல் வெயில் காய்கிற மதியத்தில் அந்த வித்தியாசம் 9, 10 டிகிரி வரைகூடப் போகும். இறங்கும்போது அவ்வளவும் திரும்பி வருகிறது. அதுவும் நாளிலேயே சூடான பொழுதில், கால் களைத்து, பாட்டில் காலியாகிக்கொண்டிருக்கும்போது.

போன ஞாயிறு போன மலையில் பாதை மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஒருவழி 7 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது. மைல், அடிக் கணக்கில் இருந்ததை நம் அளவுக்கு மாற்றினால், தோராயமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். என் பாதைக்கு அது 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அவர் இந்த வெயிலை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் 4 லிட்டர், அதாவது முதுகில் 4 கிலோ. அதில் 2 லிட்டர் பாட்டில்களைப் பையின் அடியில், மாற்றுச் சட்டைக்குக் கீழே வைத்துக் கட்டிவிடுவேன். எடுக்கக் கஷ்டமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான். அது இறங்குவதற்கான தண்ணீர். வரைபடத்தில் நீலக் கோடாக ஒரு ஓடை தெரிந்தது. கோடையில் அந்த நீலக் கோட்டை நான் நம்புவதில்லை. போய்ப் பார்த்தால் வெறும் கல்தான் கிடந்தது.

கிளம்புமுன் அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவேன், எத்தனை மணிக்கு மேல் ஆனால் கவலைப்பட வேண்டும் என்று. கடைசி இரண்டும் வேறு வேறு நேரங்கள். ஒரே நேரத்தைச் சொன்னால் பத்து நிமிடம் தாமதமானாலே போன் மேல் போன் போட ஆரம்பித்துவிடுவாள். விசில் ஒன்றும் பையின் தோள்வாரில் தொங்கும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊத வேண்டும். மலையில் உதவி கேட்கும் முறை அது.

ஐந்தரைக்கு ஏற ஆரம்பித்தேன். மேற்குச் சரிவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கிற வரைக்கும் மலையின் நிழலிலேயே ஏறலாம். எதிரே சமவெளியில் வெயில் விழுந்து பளபளக்கிறது, நான் நடக்கும் பாதையில் புல் இன்னும் ஈரமாக இருக்கிறது. தனியாகப் போவதன் சுகமும் இந்த நேரத்தில்தான். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டாம், பின்னால் வருகிறவருக்காக நிற்க வேண்டாம்.

பேச முடிகிற வேகத்தில் நட என்பார்கள். தனியாக யாரிடம் பேசுவது? நான் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடப்பேன். கணக்குப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு வேறென்ன வரும்! பதினேழு நாலு அறுபத்தெட்டு, பதினேழு அஞ்சு எண்பத்தஞ்சு. வரி முடியுமுன் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். இதில் இன்னொரு உபயோகமும் உண்டு. வெயில் தலைக்கேறினால் முதலில் குழம்புவது புத்தி; பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் கண்டுபிடிப்பார். எனக்கு யாரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நிழலிலும் உட்கார்ந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். தடுமாறினால் அங்கிருந்து அசையக்கூடாது. இது எந்த மருத்துவரும் சொன்ன சோதனை அல்ல, என் சொந்த ஏற்பாடு.

உச்சிக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கற்குவியல் ஒன்று, நல்ல காற்று, தூரத்தில் மங்கலாக இன்னொரு மலைத்தொடர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காற்றை நம்பக்கூடாது. வேர்வையை வந்த வேகத்தில் உலர்த்திவிடுவதால் வேர்க்கவே இல்லை என்று தோன்றும். சட்டையில் பையின் வார் அழுத்திய இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்ததைப் பார்த்துத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அதனால் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைக் கரைத்து வைத்திருந்தேன். ருசி சகிக்காது.

பத்தரைக்குத் திரும்பிவிட்டேன். உச்சி எட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்தரை என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தது. மதியத்துக்கு மேல் சிகரங்களின் மேல் மேகம் குவிந்து இடி இறங்குகிற காலம் இது.

இறக்கத்தில் காலையின் நிழல் அப்படியே துடைத்துவிட்டாற்போல் இல்லை. பாறை மேலிருந்தும் கீழிருந்தும் சுடுகிறது. சூடான சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும் என்பதால் கீழேயிருந்து வரும் அனல் நேராக முகத்தில் அடிக்கிறது. மூச்சு வாங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. இழுபட்டுக்கொண்டே பிரேக் போடுகிறது அது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்கும்போது வலித்ததற்குக் காரணம் இந்த இறக்கம்தான், ஏற்றமல்ல. காய்ந்த சரளை வேறு காலடியில் உருள்கிறது.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்ற கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, நிழல் கிடைத்த இடத்தில் நின்றேன். சட்டைக் கையையும் கழுத்துத் துணியையும் நனைத்துக்கொண்டேன். தோலில் ஊற்றிய தண்ணீரும் வேர்வை செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறது. குடிக்கிற தண்ணீரை வீணாக்குவதாக நினைக்க வேண்டியதில்லை.

பதினொன்றரை வாக்கில் நாலு பையன்கள் ஏறி வந்தார்கள். "ஆன்ட்டி, டாப் இன்னும் எவ்வளவு தூரம்?"

"தூரத்தை விடுங்க தம்பி. தண்ணி எவ்வளவு இருக்கு?"

ஆளுக்கொரு பாட்டில், அதிலும் கால்வாசிதான். ஒருவன் பேசாமல் கல்லில் உட்கார்ந்தான். தலை வலிக்கிறதாம், குமட்டுகிறதாம். பெயரைக் கேட்டேன், தெளிவாகச் சொன்னான். பேச்சு குழறியிருந்தால் விஷயம் வேறு, விசிலை எடுத்திருப்பேன். நிழலில் படுக்க வைத்துக் காலைப் பையின் மேல் தூக்கி வைத்து, கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் விட்டு, அந்தச் சகிக்காத கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். பையின் அடியில் இருந்த இரண்டு லிட்டரில் ஒன்று அவர்களுக்குப் போயிற்று.

"இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படி ஆன்ட்டி திரும்புறது?" என்றான் இன்னொருவன்.

"வந்த தூரத்தைத் திரும்பவும் நடக்கணும்ப்பா. அதுக்குத்தான் தண்ணி வேணும்."

அரை மணி நேரத்தில் படுத்தவன் எழுந்துவிட்டான். எல்லோரும் திரும்பினார்கள். கொஞ்ச தூரம் எனக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், என் நடையைப் பொறுக்க முடியாமல் முந்திக்கொண்டு போய்விட்டார்கள். நான் அடிவாரம் சேரும்போது இரண்டு மணி. பாட்டிலில் இரண்டு மடக்கு மிச்சம்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை மறுபடி பிரித்தேன். கிழக்குச் சரிவில் இன்னொரு பாதை இருக்கிறது. 3 கிலோமீட்டர் கூடுதல், ஆனால் மதியத்துக்கு மேல் நிழல் அந்தப் பக்கம் விழும். மேற்கே ஏறி கிழக்கே இறங்கினால் இரண்டு வேளையும் மலையே குடை பிடிக்கும். வண்டி மட்டும் மேற்கு அடிவாரத்தில் நிற்கும். அக்காவிடம் காரைக் கிழக்குப் பக்கம் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"வெயில் தாழட்டும், பார்க்கலாம்" என்றாள்.