மலை ரயிலுக்கு ஒரு பை, மின்சார ரயிலுக்கு ஒரு பை

அக்டோபர் 13

அரவங்காட்டிலிருந்து ஊட்டிக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களுக்கு அது பொம்மை ரயில், எனக்கு ஆபீஸ் வண்டி. மழை நாளில் வழியில் எங்காவது நின்றுவிட்டால் தேயிலைத் தோட்டமெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, குளிர்தான் தெரியும். ஐப்பசி அடைமழை வருவதற்குள் அவசரப் பையைத் தயார் செய்துவிட வேண்டும்.

இந்த வருடம் இரண்டு பை. தங்கை சென்னையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறாள். "அக்கா, எனக்கும் ஒண்ணு கட்டி அனுப்பு" என்று கேட்டவள், கூடவே யாரோ கொடுத்த ஒரு பட்டியலையும் அனுப்பியிருக்கிறாள். புகை முகமூடி, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், மூன்று நாளைக்குச் சாப்பாடு. சுரங்கத்தில் ஓடும் ரயிலென்றால் முகமூடிக்கு ஒரு நியாயம் உண்டு. மூன்று நாள் சாப்பாட்டை முதுகில் சுமந்துகொண்டு காலைக் கூட்டத்தில் ஏற முடியுமா என்று பட்டியல் போட்டவர் ஒரு நாள் தாம்பரத்துக்கு வந்து பார்க்கட்டும்.

அக்டோபர் 15

பட்டியலை மூடி வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பாதையிலும் உண்மையில் என்ன நடக்கும் என்று யோசித்தேன்.

இங்கே மண். 2009 நவம்பரில் எங்கள் ரயில் வழியிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவை வெட்டித்தான் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். நாள்கணக்கில் ஊறிய மண்ணுக்கு அந்த வெட்டில் பிடிமானம் கிடையாது, கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். அவ்வளவு தூரம் போகாத சாதாரண மழை வருடத்தில் நமக்கு வாய்ப்பது வேறு: ஒரு மரம் விழும், வண்டி நிற்கும், இருட்டிவிடும், கடைசியில் எப்படியாவது ரோட்டுக்கு ஏறி பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

அங்கே தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரு நாளில் பெய்தது 49 செ.மீ. மின்சார ரயில் நின்றுபோனது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பெய்தபோது லோக்கல் ரயிலில் போனவர்கள் பலர் இடுப்பளவுத் தண்ணீரில் வீட்டுக்கு நடந்தார்கள். 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தில் தோக்கியோ ரயில்கள் நின்றதும், அந்த வட்டாரத்தில் சுமார் 50 லட்சம் பேர் வீடு திரும்ப வழியில்லாமல் திண்டாடினார்கள்.

ஆக, தங்கைக்கு முதல் பொருள் நடக்கத் தோதான செருப்பு. எனக்கு முதல் பொருள் காய்ந்த சாக்ஸ். இரண்டுமே அந்தப் பட்டியலில் இல்லை.

அக்டோபர் 19

ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் கம்பளிக் குல்லாவும் சாக்ஸும் வாங்கினேன். பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்பில் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும், கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பு வைத்திருக்கும். மழையில் நனைந்து, காற்றில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் உடல் சூடு குறைய உறைபனி வரை போக வேண்டியதில்லை.

கையில் பிடிக்கும் டார்ச் இருந்தது, அதைத் தங்கைக்கு ஒதுக்கிவிட்டேன். எனக்குத் தலையில் மாட்டும் டார்ச். சேற்றுப் பாதையில் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். குடையை விட்டுவிட்டு ரெயின்கோட் எடுத்துக்கொள்வதும் அதனால்தான். டார்ச்சில் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன், பைக்குள் தானாக எரிந்து தீராது.

கடையில் பளபளவென்று ஒரு அவசரப் போர்வையும் கிடைத்தது. பிரித்தால் ஆள் உயரம், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்புச் சூட்டைத் திருப்பியனுப்பும், காற்றையும் தடுக்கும். மொரமொரவென்று சத்தம் போடுவதால் தூக்கம் மட்டும் வராது.

அக்டோபர் 22

எடை பார்த்தேன். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் இரண்டாம் வாரமே "இன்னிக்கு மழை இருக்காது" என்று வீட்டில் விட்டுப் போவேன், என்னை எனக்குத் தெரியும். பெரிய மருந்துப் பெட்டி போனது. பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ்., ஒரு நாளைக்கான சொந்த மாத்திரை போதும். முக்கோணக் கட்டுத்துணிக்குத் துப்பட்டா இருக்கிறது. அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பு.

தின்பதற்குக் கடலைமிட்டாய். ஊட்டி வர்க்கிதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் பையில் போட்டால் மறுநாள் தூளாகிவிடும், ஈரம் பட்டால் நமுத்தும் போகும். தண்ணீருக்குச் சின்ன ஸ்டீல் பாட்டில். பவர் பேங்க் 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தாலும் போனுக்கு வந்து சேருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

சில்லறை நோட்டுகள் முக்கியம். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே உதவாது, கண்டக்டர் காத்திருக்கவும் மாட்டார். ஒரு காகித அட்டையில் எண்களையும் எழுதி வைத்தேன்: ரயில்வே 139, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பொது அவசரம் 112. கீழே அம்மா எண். போன் செத்துப்போனால் அம்மா எண்கூட நமக்கு மனப்பாடம் கிடையாது.

அக்டோபர் 28

இன்று பை வேலை செய்தது. சாயங்கால வண்டி லவ்டேலைத் தாண்டிக் கேத்திக்கு முன்னால் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் மரம். இறங்க வேண்டாம், வெட்டி அகற்ற ஆள் வருகிறது என்று கார்டு சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு, இறங்கி எங்கே போவது?

போன் பேச முடியவில்லை. ஆனால் எஸ்.எம்.எஸ். போனது. பேச்சுக்குப் பற்றாத சிக்னலிலும் குறுஞ்செய்தி சில சமயம் தப்பித்துப் போய்விடும். எதிர் சீட்டுக் கல்லூரிப் பையனுக்குப் பவர் பேங்க் கொடுத்தேன். பக்கத்தில் காய்கறி மூட்டையோடு இருந்த பாட்டிக்குக் குல்லா. "எனக்கெதுக்கு அம்மணி, நான் இந்தக் குளிர்லயே பொறந்தவ" என்றார். வாங்கி மாட்டிக்கொண்டார், திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொன்று வாங்க வேண்டும்.

நேரம் போகப் போக எல்லாப் பெண்களுக்கும் ஒரே கவலைதான். இந்த வண்டியில் கழிப்பறை கிடையாது. சென்னை மின்சார ரயிலிலும் கிடையாது. இதனாலேயே எங்களில் பாதிப்பேர் வண்டி ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் கார்டிடம் கேட்டுவிட்டு, வண்டியை ஒட்டினாற்போல் அவசரப் போர்வையை இரண்டு பேர் மறைப்பாகப் பிடிக்க, ஒவ்வொருவராக இறங்கி ஏறினோம். அதற்காகவா அதைக் கண்டுபிடித்தார்கள்! பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது என் சந்தேகம்.

அப்புறம் மரத்தை வெட்டிவிட்டார்கள், வண்டி கிளம்பியது.

நவம்பர் 2

தங்கை பையைக் கட்டினேன். செருப்பு: பின்வார் வைத்தது, தண்ணீர் இழுத்துக்கொண்டு போகாது. ஆபீஸ் அடையாள அட்டைக்கும் போனுக்கும் தண்ணீர் புகாத உறை. அவளுக்கு மட்டும் குடை, அதுவும் நீளக் குடை. வெள்ளத்தில் முன்னால் ஊன்றிப் பார்த்து நடந்தால், மூடி இல்லாத சாக்கடைக் குழி தட்டுப்படும். விசில், சானிட்டரி நாப்கின், பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று, பழைய லுங்கி. சிரிப்பாள், சிரிக்கட்டும்.

சீட்டு எழுதி உள்ளே வைத்தேன்: "நின்ற வண்டியிலிருந்து நீயாகக் குதிக்காதே. பக்கத்துத் தடத்தில் வண்டி வரலாம். மேலே கம்பியில் 25,000 வோல்ட், குடையை அந்தப் பக்கம் தூக்காதே. அறுந்து தொங்கும் கம்பிப் பக்கமே போகாதே. வெள்ளத்தில் நடந்தால் சோப்பு போட்டுக் கழுவு. அடுத்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்."

நவம்பர் 6

நீலகிரி எக்ஸ்பிரஸில் போன சித்தப்பாவிடம் பையைக் கொடுத்தனுப்பினேன், சேர்ந்துவிட்டது. போனில் பஞ்சாயத்து. டயப்பருக்குச் சிரித்தாள், ஆனால் பையிலிருந்து எடுக்கவில்லை. விசிலைத்தான் வெளியே எடுத்துவிட்டாளாம்.

"கூட்டத்துல நான் விசிலடிச்சா என்னக்கா நினைப்பாங்க?"

தொண்டை வறண்ட பிறகு கத்த முடியாது, விசிலை மூன்று முறை விட்டு விட்டு ஊதலாம், பத்து கிராம்கூட இருக்காது என்றேன். யோசிப்பதாகச் சொன்னாள். மாதம் முதல் தேதி இரண்டு பேரும் பவர் பேங்கைச் சார்ஜ் போட்டு, மாத்திரைத் தேதி பார்ப்பது என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. விசில் விவகாரம் நிலுவையில்.